காஜாவுக்குப் போன துணி: இணையப் பக்கத்தைத் தொடும் இரண்டு கைகள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்று ஆசிரியர்கள் பணித்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் சின்னது. இணையப் பக்கத்தை அழகுபடுத்துகிறவர் ஒருவர். அதற்கு உயிர் கொடுக்கும் நிரலை எழுதுகிறவர் இன்னொருவர். இருவருக்கும் கருவி வேறு வேறு. அந்த இரண்டு கருவிகளையும் சண்டை இல்லாமல் ஒன்றாக வேலை செய்ய வைப்பது எப்படி? இதுதான் பொருள். "இதிலே நமக்கு என்ன இருக்கு?" என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நமக்கு நிறையவே இருக்கிறது. நம் எழுத்தே இதில் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

தையற்கடைக் கணக்கு

தேக்காவிலே தையற்கடைக்குப் போயிருப்பீர்கள். மாஸ்டர் அளவெடுப்பார், சாக்குக்கட்டியால் கோடு போடுவார், துணியை வெட்டுவார். ஆனால் எல்லா வேலையையும் அவரே செய்வதில்லை. காஜா எடுக்க வெளியே கொடுப்பார். கல்யாண ரவிக்கை என்றால் ஆரி வேலைக்கு வேறொருவரிடம் அனுப்புவார். அந்த வேலைக்காரரிடம் தனி ஊசி, தனிச் சட்டம், தனிக் கைப்பழக்கம் உண்டு. மாஸ்டருடைய மெஷின் அந்த வேலையைச் செய்யாது.

துணி வெளியே போய்த் திரும்பி வரும்போது மாஸ்டர் மூன்று விஷயங்களைப் பார்ப்பார். முதலாவது, போன துணிதான் வந்திருக்கிறதா? இரண்டாவது, தாம் போட்ட சாக்குக்கோடு அழியாமல் இருக்கிறதா? கோடு அழிந்துவிட்டால் கை எங்கே சேரும், கழுத்து எங்கே வரும் என்று தெரியாமல் போய்விடும். மூன்றாவது, சொன்ன இடத்தில் மட்டும் வேலை செய்திருக்கிறாரா, அல்லது "நல்லா இருக்குமே" என்று சொல்லாத இடத்திலும் ஊசியை வைத்துவிட்டாரா?

இந்த மூன்று கேள்விகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் நடப்பதும் இதேதான்.

பக்கத்துக்குள்ளே என்ன இருக்கிறது?

கைப்பேசியில் நாம் பார்க்கும் இணையப் பக்கம், உள்ளே வெறும் எழுத்துகளால் ஆனது. "இது தலைப்பு", "இது பத்தி", "இங்கே படம் வரும்" என்று குறிகள் போட்டு எழுதியிருப்பார்கள். அந்தக் குறிமொழிக்குப் பெயர் எச்.டி.எம்.எல். குறிகளைப் படித்து, பக்கமாக வரைந்து காட்டுவது உலாவியின் வேலை.

இப்போது ஒரு மளிகைக் கடையை எண்ணிக்கொள்வோம். கடைக்காரர் ஓர் இணையப் பக்கம் வைக்கிறார். பொன்னி அரிசி இன்றைக்கு என்ன விலை என்று அதில் காட்ட வேண்டும். விலை நாளுக்கு நாள் மாறும். அதைப் பக்கத்திலேயே நிரந்தரமாக எழுதி வைக்க முடியாது. ஆகவே நிரல் எழுதுகிறவர், விலை வர வேண்டிய இடத்தில் ஓர் அடையாளம் போடுகிறார். [[விலை]] என்று போட்டதாக வைத்துக்கொள்வோம். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது, நிரல் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, அந்த அடையாளத்தை எடுத்துவிட்டு அன்றைய விலையை வெள்ளியில் எழுதிக் கொடுக்கும். அந்த அடையாளம்தான் நமது சாக்குக்கோடு.

கடைக்காரருடைய மகள் படம் வரைவதில் கெட்டிக்காரி. பக்கத்துக்கு நிறம், படம், எழுத்தின் அழகு எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்குக் குறிமொழி தெரிய வேண்டிய அவசியம் இல்லை. திரையில் பார்த்துப் பார்த்து, இழுத்து வைத்து, அளவு மாற்றிப் பக்கத்தை அமைக்கும் செயலி அவளிடம் இருக்கிறது. அதைக் காட்சி எழுதி என்று சொல்லிக்கொள்வோம். நிரல் எழுதுகிறவரிடமோ, நிரலை எழுதவும், ஓட்டிப் பார்க்கவும், பிழை கண்டுபிடிக்கவும் வேண்டிய எல்லாக் கருவியும் ஒரே இடத்தில் அமைந்த ஒரு பணிமனைச் செயலி இருக்கிறது. பக்கம் ஒன்றுதான், அது பணிமனையிலிருந்து காட்சி எழுதிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும்.

மகள் பக்கத்தைத் திறக்கிறாள். காட்சி எழுதி [[விலை]] என்ற அடையாளத்தைப் பார்க்கிறது. அது எச்.டி.எம்.எல். குறி அல்ல. நல்ல செயலி என்றால், "எனக்குப் புரியவில்லை, ஆனால் யாரோ காரணத்தோடுதான் வைத்திருப்பார்கள்" என்று அப்படியே விட்டுவிடும். மோசமான செயலி என்றால், "பிழை போலிருக்கிறதே" என்று அதைத் திருத்தும், இடம் மாற்றும், அல்லது அழித்தே விடும். மறுநாள் கடைப் பக்கத்தில் அரிசி இருக்கும், விலை இருக்காது. கடைக்காரர் நிரல்காரரைத் திட்டுவார். நிரல்காரர் மகளைக் குறை சொல்வார். மகள் "நான் அதைத் தொடவே இல்லையே, அங்கிள்" என்பாள். அவள் சொல்வதும் உண்மைதான். தொட்டது செயலி.

கொஞ்சம் வரலாறு

இந்தப் பிணக்கு எப்போது தொடங்கியது? ஆரம்பத்தில் இது இல்லை என்பதுதான் வேடிக்கை. இணையத்தின் உலகு தழுவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ என்பவர், சுவிட்சர்லாந்தில் உள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் 1990-ஆம் ஆண்டு முதல் உலாவியை எழுதினார். அது படிக்கும் கருவியாகவும் எழுதும் கருவியாகவும் இருந்தது. பக்கத்தைப் பார்த்தபடியே திருத்தலாம். படிப்பவன் வேறு, எழுதுபவன் வேறு என்ற பிரிவே அவர் மனத்தில் இல்லை. ஆனால் 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து உலகெங்கும் பரவிய மொசைக் உலாவி, பக்கத்தைக் காட்டுவதில்தான் வல்லது. எழுதுவது தனி வேலையாகப் போயிற்று.

அப்புறம் அந்தத் தனி வேலைக்குத் தனிக் கருவிகள் வந்தன. 1995-இல் வெர்மீர் என்ற சிறு அமெரிக்க நிறுவனம் ஃப்ரண்ட்பேஜ் என்ற காட்சி எழுதியை வெளியிட்டது. 1996 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. குறிமொழி தெரியாதவர்களும் பக்கம் போடலாம் என்ற கதவை அது திறந்துவிட்டது. அதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கையால் எழுதிய குறிகளை அது தன் வழக்கப்படி மாற்றி எழுதிவிடும் என்று நிரல்காரர்கள் புலம்பினார்கள். போன துணி ஒன்று, வந்த துணி வேறு!

1997 டிசம்பரில் மேக்ரோமீடியா நிறுவனம் ட்ரீம்வீவர் என்ற செயலியைக் கொண்டுவந்தது. அது தந்த முக்கியமான வாக்குறுதி என்ன தெரியுமா? "நீ எழுதியதை நான் மாற்ற மாட்டேன்" என்பதுதான். போய்த் திரும்பி வந்தாலும் எழுதியது எழுதியபடி இருக்கும் என்று அதை விளம்பரம் செய்தார்கள். கூடவே இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். குறிகளைக் கையால் எழுத விரும்புகிறவர்களுக்கு, விண்டோஸ் கணினி என்றால் ஹோம்சைட், மேக்கின்டாஷ் என்றால் பிபிஎடிட் என்று ஒரு வெளி எழுதியை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்றில் திருத்தினால் மற்றொன்றில் தெரியும். மாஸ்டரே ஆரிக்காரருக்குக் கடையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்த மாதிரி!

அதே 1997-இல் மைக்ரோசாஃப்ட், இணைய நிரல்காரர்களுக்காக விஷுவல் இன்டர்டெவ் என்ற பணிமனைச் செயலியை வெளியிட்டது. பக்கத்தைப் பார்த்து வரைவதற்கு, ஃப்ரண்ட்பேஜ் எழுதியின் ஒரு பதிப்பையே அதனோடு சேர்த்துக் கொடுத்தது. மறு ஆண்டில் வந்த அடுத்த பதிப்பில், பார்த்து வரையும் வசதியைப் பணிமனைக்குள்ளேயே கட்டிவிட்டது. வெளியே கொடுத்து வாங்கலாமா, உள்ளேயே ஆள் வைக்கலாமா என்ற தையற்கடைக் கேள்வி, பெரிய நிறுவனத்துக்கும் இருந்தது பாருங்கள்.

எப்படி இணைக்கிறார்கள்?

இணைக்கும் வழிகள் பல. எளிமையாக மூன்றாகச் சொல்கிறேன்.

முதல் வழி, கூப்பிட்டுக் கொடுப்பது. பணிமனையில் இருக்கும் கோப்பின் மேல் சொடுக்கினால், அது வெளி எழுதியை எழுப்பி, "இந்தக் கோப்பைத் திற" என்று பெயரைச் சொல்லிவிடும். அவர் வேலையை முடித்துச் சேமித்தவுடன், பணிமனை கோப்பின் நேரத்தைப் பார்த்து, "வெளியே யாரோ மாற்றியிருக்கிறார்கள், புதியதை எடுத்துக்கொள்ளவா?" என்று கேட்கும். 2001-இல் ஐ.பி.எம். நிறுவனம் எல்லாருக்கும் திறந்துவிட்ட எக்லிப்ஸ் பணிமனையில் இந்த வசதி உண்டு. எளிமையான வழி, ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரே கோப்பை இருவரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால், கடைசியாகச் சேமித்தவருடைய வேலைதான் நிற்கும். முன்னவருடைய உழைப்பு தண்ணீரில் எழுதிய எழுத்து.

இரண்டாவது வழி, உள்ளே உட்கார வைப்பது. வெளி எழுதியின் சன்னலையே பணிமனையின் சன்னலுக்குள் பொருத்திவிடுவது. பார்க்க ஒரே செயலி போல இருக்கும். ஆனால் இரண்டில் ஒன்றுக்குப் புதுப் பதிப்பு வந்தால், மற்றொன்றோடு ஒத்துப்போகாமல் போகலாம். கூட்டுக் குடித்தனம் மாதிரிதான். நன்றாக நடந்தால் அதைவிட இன்பம் இல்லை.

மூன்றாவது வழி, எல்லை பிரிப்பது. அழகு ஒரு கோப்பில், நிரல் இன்னொரு கோப்பில். இரண்டுக்கும் நடுவில் [[விலை]] போன்ற சில அடையாளங்கள் மட்டும். வரைகிறவர் நிரல் கோப்பைத் தொட மாட்டார். நிரல்காரர் அழகுக் கோப்பில் அடையாளங்களைத் தவிர வேறெதையும் தொட மாட்டார்.

இங்கே இருக்கும் பெரியவர்களில் சிலர், ஒரு காலத்தில் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்கள். அவர்களுக்கு இது நன்றாகவே புரியும். நேற்று வெட்டிய கோட்டை ஒட்டித்தான் இன்றைக்கு உளி போக வேண்டும். பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டுப் போகும். எவ்வளவு ஆழம் போகலாம் என்று தெரிந்த கைதான் நல்ல கை. செயலிக்கும் அந்த அடக்கம் வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழும் இணையமும்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தமிழ் இணையத்துக்கு வந்த கதையில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. அதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நா. கோவிந்தசாமி என்று ஒருவர் இருந்தார். எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். கணினித் துறையில் பட்டம் பெற்று வந்தவர் அல்லர், தமிழாசிரியர். ஆனால் கணினியில் தமிழ் வர வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. கணியன் என்ற தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தொகுத்து ஓர் இணையத்தளம் திறக்கப்பட்டது. அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அவர்களின் குழுவோடு சேர்ந்து, அதில் தமிழ்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே ஏற்றினார் கோவிந்தசாமி. உலக வலையில் தமிழ் எழுத்து ஏறிய முதல் தளங்களில் அது ஒன்று. ஒரு தமிழாசிரியரும் ஒரு சீன விஞ்ஞானியும் சேர்ந்து செய்த காரியம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதோடு நின்றாரா? 1997 மே மாதத்தில், உலகமெங்கும் தமிழ்க் கணினிக்காக உழைத்தவர்களை இதே சிங்கப்பூரில் கூட்டி, முதல் தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார்கள். 1999-இல் சென்னையில் இரண்டாவது மாநாடு நடந்தது. விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் அங்கே பொது முறைகள் வகுக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் கோவிந்தசாமி மறைந்தார். அவருக்கு வயது 53. 2000-ஆம் ஆண்டு மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது, உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அவர் நட்ட செடி அது.

பொது முறை எதற்காக என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ்ச் செயலியும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. கணினிக்குள் எல்லா எழுத்தும் எண்தான். ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய எழுத்துகளுக்கும் ஒதுக்கிய எண்களில் தமிழ் எழுத்தின் உருவத்தைப் பொருத்தி வைத்தார்கள். ஒருவர் எழுத்துருவில் "அ" என்று வருவது, இன்னொருவர் எழுத்துருவில் வேறொன்றாக வரும். எழுத்துருவே இல்லாத கணினியில், தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரும்.

இதை ஈசூனில் இருக்கும் நமக்கு விளக்குவது எளிது. இந்த வட்டாரத்தில் ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட லிம் நீ சூன் அவர்களின் பெயரில் இந்த ஊர் நீ சூன் ஆயிற்று. அதே சீன எழுத்துகளை மாண்டரின் ஒலியில் படித்தபோது ஈசூன் ஆயிற்று. எழுதியது ஒன்று, படிப்பவர் முறைப்படி ஒலி இரண்டு. கணினிக்குள் இருக்கும் எண்ணும் அப்படித்தான். எந்த முறையில் படிக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால், படிப்பவர் தமக்குத் தெரிந்த முறையில் படித்துவிடுவார்.

இப்போது காட்சி எழுதிக்கு வாருங்கள். பழைய முறையில் எழுதிய தமிழ்ப் பக்கத்தை அதில் திறந்தால், அதற்குத் தெரிவது தமிழ் அல்ல. ஏதோ ஐரோப்பிய எழுத்துகள். சில செயலிகள் அவற்றை ஐரோப்பிய எழுத்தின் பெயராகவே மாற்றி எழுதிச் சேமித்தன. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பணிமனைக்குத் திரும்பி வந்து, ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. சொல் இருக்கிறது, உள்ளே அதன் உடல் மாறிவிட்டது.

ஈசூன் என்று எழுதிப் பாருங்கள்

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்தது யூனிகோட். உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் பட்டியல். 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 வந்தபோது அந்த முறையில் தமிழைக் காட்டும் வசதியும், லதா என்ற எழுத்துருவும் அதனோடு வந்தன. இன்றைக்கு உங்கள் கைப்பேசியில் தமிழ் தெரிவது இதனால்தான்.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுவோம். "ஈசூன்" என்பதில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். ஆசிரியரும் மூன்று என்றுதான் மதிப்பெண் போடுவார். ஆனால் யூனிகோடில் அது ஐந்து. ஈ ஒன்று, ச-வும் அதன் ஊகாரக் குறியும் இரண்டு, ன-வும் புள்ளியும் இரண்டு. இணையத்தில் அனுப்பப் பெரும்பாலும் பயன்படும் யூ.டி.எஃப்.-8 முறையில், இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும். ஆக மொத்தம் பதினைந்து. மூன்றெழுத்து ஊருக்குப் பதினைந்து அறைகள்!

இதைத் தெரியாத ஒருவர், ஊர்ப் பெயருக்குப் பத்து பைட்டு போதும் என்று நிரலில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஒன்பது பைட்டில் "ஈசூ" வந்து சேரும். பத்தாவது பைட்டில் ன-வின் மூன்றில் ஒரு துண்டு. மிச்சம் அறுந்து போகும். அதேபோல, காட்சி எழுதி இந்தப் பக்கத்தைப் பழைய ஐரோப்பிய முறையில் சேமித்துவிட்டால், அந்த முறையில் தமிழுக்கு எண்ணே இல்லாததால் ஐந்து கேள்விக்குறிகளாக எழுதிவிடலாம். இதில் கொடுமை என்னவென்றால், கேள்விக்குறி ஆனபின் திரும்ப வராது. எந்த எழுத்து எங்கே இருந்தது என்ற செய்தியே அழிந்துபோய்விடும். சாக்குக்கோடு மட்டுமா போயிற்று? துணியே போயிற்று.

வீட்டில் செய்து பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் நோட்பேடைத் திறந்து உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். சேமிக்கும்போது குறியீட்டு முறை என்ற இடத்தில் ஆன்சி என்று தேர்ந்தெடுங்கள். கணினி உங்களை எச்சரிக்கும். பரவாயில்லை என்று சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். பிறகு இன்னொரு தடவை எழுதி, யூ.டி.எஃப்.-8 என்று சேமித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை; ஒரு புத்தகம் படித்த பாடம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இப்போது பின்வரிசை அண்ணனுக்குப் பதில் சொல்கிறேன்.

இந்த நாட்டில் ஆட்சிமொழிகள் நான்கு. அறிவிப்புப் பலகையும் இணையப் பக்கமும் கைப்பேசிச் செயலியும் பல இடங்களில் நான்கு மொழிகளில் வருகின்றன. அந்தப் பக்கத்தை வரைகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். நிரல் எழுதுகிறவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. நமக்கு எத்தனை பேருக்குச் சீனம் படிக்கத் தெரியும்? ஆனால் கைக்குக் கை மாறும்போது கொம்பு ஓர் இடம், கால் ஓர் இடம் என்று பிரிந்து நின்றாலோ, புள்ளி தொலைந்தாலோ, அவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. அவர்களுக்கு எல்லாமே அழகான கோடுகள்தான். தவற்றைக் கண்டுபிடிக்கக் கூடியவர், கடைசியில் அதைப் படிக்கிற தமிழர் ஒருவர்தான்.

அந்தக் கடைசித் தமிழர் யார்? கட்டுமானத் தளத்தில் உயரத்தில் ஏறப் போகிற தம்பியாக இருக்கலாம். "வாரைக் கொக்கியில் மாட்டாமல் ஏறாதே" என்ற எச்சரிக்கையில், "மாட்டாமல்" என்பது அறுந்து "மாட்டா" என்று நின்றால் அவர் என்ன புரிந்துகொள்வார்? மருந்து எத்தனை வேளை என்று படிக்கிற பாட்டியாக இருக்கலாம். எழுத்து கெட்டால் வெறும் அழகு கெடுவதில்லை, அம்மா. ஆளுக்கே கேடு வரலாம்.

ஆகவேதான், தனக்குப் புரியாததைத் தொடாமல் விடுகிற செயலி நல்ல செயலி என்று இவ்வளவு நேரம் சொல்லி வந்தேன். இதை வெறும் தொழில்நுட்ப விதி என்று நான் நினைக்கவில்லை. நான்கு மொழிக்காரர்கள் ஒரே புளோக்கில், ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கி வாழ்கிற இந்த ஊரில், மனிதர்களுக்கும் அதுதானே விதி! பக்கத்து வீட்டு வாசலில் ஊதுபத்தி எரிகிறது, எதற்கென்று நமக்குத் தெரியாது, ஆனாலும் அணைப்பதில்லை. நம் வாசல் கோலத்தை அவர்கள் மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், வைத்தவருக்குக் காரணம் இருக்கும் என்ற மரியாதை அது. இந்த மரியாதையை இயந்திரத்துக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்தான்.

சில வேண்டுகோள்கள்

மாணவச் செல்வங்களே, கண்ணால் பார்த்து வரையும் செயலியில் பக்கம் போடக் கற்றுக்கொள்ளுங்கள். அது கேவலம் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிடாமல், உள்ளே இருக்கும் குறிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அழகு தெரிந்தவனுக்கு நிரல் கொஞ்சம் தெரிய வேண்டும். நிரல் தெரிந்தவனுக்கு அழகு கொஞ்சம் தெரிய வேண்டும். இருவர் சேர்ந்து வேலை செய்யும்போது, மூலப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கட்டும். யார் கையில் இப்போது இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தின் தலையிலேயே, எந்தக் குறியீட்டு முறை என்று எழுதிவிடுங்கள். சோதனைக்கு எப்போதும் தமிழ்ச் சொல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஈசூன் என்று போட்டாலே போதும். உயிர் எழுத்து, நெடில் குறி, புள்ளி மூன்றும் அதில் இருக்கின்றன.

பெற்றோர்களே, பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்தாலே விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அதேபோல, தமிழ் படித்தால் கணினி வேலைக்கு என்ன பிரயோஜனம் என்றும் கேட்காதீர்கள். கோவிந்தசாமி தமிழாசிரியர். தமிழ் அவருக்குக் கணினியில் தடையாக இருக்கவில்லை, வழி காட்டிற்று. பக்கத்தில் தமிழ் எழுத்து அறுந்து கிடப்பதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஒரு நிரல்காரர் வேண்டும். அந்த இடம் இன்னும் பல அலுவலகங்களில் காலியாகத்தான் கிடக்கிறது.

தொழிலாளத் தோழர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வேலையிடத்திலோ கைப்பேசியிலோ தமிழ் அறிவிப்பு கோணலாக வந்தால், "நமக்கெதுக்கு வம்பு" என்று போய்விடாதீர்கள். ஒரு படம் எடுத்து மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். இது இப்படி இருக்கக்கூடாது, சார் என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடம் நான்கு வகுப்புதான் போனேன் என்று கூச்சப்பட வேண்டாம். அந்தப் பக்கத்தை உருவாக்கிய பட்டதாரிகளுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிகிறது. அந்த வரிசையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாகவே இருக்கலாம்.

இன்றைக்குப் பரிசு வாங்கும் பிள்ளைகளின் சான்றிதழில் அவர்கள் பெயர் தமிழில் அச்சாகியிருக்கிறது. மேடையிலிருந்து இறங்கியதும் அதை ஓர் எழுத்து விடாமல் படித்துப் பாருங்கள். கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இருந்தால், எத்தனையோ கைகள் மாறி வந்தும் உங்கள் பெயரை யாரும் கெடுக்கவில்லை என்று மகிழுங்கள். இல்லையென்றால் தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள், திருத்திக் கொடுப்பார்கள்.